சுர்ரா வியாதியும் கால்நடை ஆராய்ச்சியின் பயனும்

குதிரை ஒன்று கொள்ளையும் புல்லையும் வழக்கம்போல் தின்றுகொண்டே நாளுக்கு நாள் மெலிந்து வருமாயின், அதை வளர்ப்பவர் முதலில் தீனியில் குறை உண்டென்று எண்ணுவர். அல்லது வயிற்றில் பூச்சி உண்டென்று கருதிப் பூச்சி மருந்து கொடுப்பர். இடையே காய்ச்சல் தோன்றி இரண்டொரு நாளில் தானே தணிந்துவிட்டால், பிணி நீங்கிற்றென்று மகிழ்ந்து குதிரையை மீண்டும் வேலைக்கு விடுவர். பின்னர்க் கால்களும் அடிவயிறும் வீங்கி, பின்புறம் தள்ளாடி, குதிரை கீழே விழுந்த பிறகே வைத்தியரை நாடுவர். சுர்ரா என்னும் வியாதி பெரும்பாலும் இவ்விதமே நடைபெறுகிறது. அதே கொட்டகையில் கட்டப்பட்டிருக்கும் எருமையோ யாதொரு குறையுமின்றிப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். அக்குதிரையைக் கொல்லும் கிருமிக்கு அந்த எருமையின் இரத்தமே இருப்பிடமாக இருத்தல் கூடும். இது கண்ணால் பார்த்து அறியத்தக்க விஷயமன்று. பல வருஷங்களின் ஆராய்ச்சியால் மட்டுமே தெரியவந்தது.

தமிழ்நாட்டில் குதிரைகளின் தொகை முன்போல் இல்லை. ஜட்கா வண்டிகள் பெரும்பாலான ஊர்களில் மறைந்துவிட்டன. ஆயினும் சவாரிக்கும், பந்தயத்திற்கும், இனவிருத்திக்கும், கோயில் விழாக்களுக்கும் குதிரை வளர்ப்போர் இன்றும் உளர். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் குதிரைகளும் மாடுகளும் ஒருங்கே வருகின்றன. இவ்வியாதி குதிரைக்கு மட்டும் உரியதன்று. மாடு, எருமை, ஒட்டகம், கழுதை, நாய் முதலியவற்றிற்கும் பொதுவானது. ஆகையால், குதிரை வைத்திராத குடியானவர்களும் இதன் வரலாற்றையும் தடுக்கும் வழிகளையும் அறிந்திருத்தல் நலம்.

வியாதியின் குணங்கள்

சுர்ரா என்பது வட இந்தியாவில் வழங்கும் சொல். அழுகிப்போனது என்னும் கருத்துடையது. வியாதி தொற்றிய சில நாட்களிலோ சில வாரங்களிலோ குதிரைக்குக் காய்ச்சல் காண்கிறது. நல்ல நிலையிலுள்ள குதிரையின் உடல் உஷ்ணம் சுமார் 100 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். சுர்ராவில் அது 104 டிகிரிக்கு மேலும் ஏறும். இக்காய்ச்சல் விட்டுவிட்டு வருவது. காய்ச்சல் இல்லாத நாட்களில் குதிரை ஏறக்குறையச் சுகமாகவே காணப்படும். தீனியில் விருப்பம் பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் இரத்தம் குன்றிவருவதால் கண்ணின் உட்புறமும் ஈறுகளும் வெளுத்துவிடும்; சில சமயங்களில் மஞ்சள் நிறமாகும். கண்ணின் உள்மூலையிலுள்ள சவ்வில் சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. கால்கள், மார்பின் அடிப்பாகம், வயிற்றின் அடிப்பாகம் ஆகியவற்றில் நீர் கோத்து வீக்கம் காணும். முடிவில் பின்னங்கால்கள் வலுவிழந்து நடை தடுமாறும். சிகிச்சை செய்யாவிடில், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குதிரை இறப்பதே பெரும்பான்மை.

ஒட்டகத்தில் இவ்வியாதி நீண்டகாலம் இழுத்துக்கொண்டிருக்கும். மூன்று வருஷம் வரை வருத்தக்கூடியதாகையால், வட இந்திய ஒட்டகக்காரர்கள் இதைத் திபர்சா என்று அழைத்தனர். மாட்டிலும் எருமையிலும் பெரும்பாலும் வெளிக்குறி ஒன்றும் தோன்றுவதில்லை. எனினும் பால் குறைதல், சினை சிதைதல், உழவு வேலையில் சீக்கிரம் களைத்தல் ஆகியவை இதனால் நேரலாம். அபூர்வமாக, மாடு திடீரென்று சுற்றிச் சுற்றி வந்து விழுந்து இறப்பதும் உண்டு.

கிருமியைக் கண்டறிந்த வரலாறு

1880-ஆம் வருஷத்தில், சிந்து நதிக்கரையில் இப்போது பாகிஸ்தானைச் சேர்ந்த டேரா இஸ்மாயில் கான் பிரதேசத்தில், ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் சுர்ராவால் மடிந்தன. காரணத்தை ஆராயும்படி கிரிபித் இவான்ஸ் என்னும் கால்நடை வைத்தியர் அனுப்பப்பட்டார். அவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தவர். நோயுற்ற குதிரைகளின் இரத்தத்தை அவர் மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, சிறு புழுப் போன்ற ஓர் உயிர், இரத்த அணுக்களை அசைத்துக்கொண்டு விரைந்து நெளிந்து செல்வதைக் கண்டார். அதன் நீளம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும். நோயுற்ற பிராணியின் இரத்தத்தைச் சுகமான பிராணிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் இரத்தத்திலும் அதே கிருமி தோன்றிற்று; அதே வியாதியும் வந்தது. இக்கிருமியே சுர்ராவிற்குக் காரணம் என்று அவர் அறிக்கை எழுதினார்.

அக்கால விஞ்ஞானிகள் அம்முடிவை உடனே ஏற்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. 1878-இல் டிமதி லூயிஸ் என்பவர் இந்திய எலிகளின் இரத்தத்தில் இதைப்போன்ற கிருமிகளைக் கண்டிருந்தார். அவ்வெலிகள் சுகமாகவே இருந்தன. எலிக்குத் தீங்கு செய்யாதது குதிரையையும் கொல்லாது என்றும், கிருமி வியாதியின் காரணமன்று, உடன்நிகழ்ச்சியே என்றும் கருதினர். உருவத்தில் ஒத்திருப்பவை குணத்தில் வேறுபடலாம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1895-இல் தென்னாப்பிரிக்காவின் ஜூலு நாட்டில், கால்நடைகளை அழித்துவந்த நாகானா வியாதிக்கு இவ்வினத்துக் கிருமியே காரணம் என்று டேவிட் புரூஸ் நிரூபித்தபின், இவான்ஸின் முடிவு உறுதிபெற்றது. இன்று சுர்ராக் கிருமி அவர் பெயரால் டிரிப்பனோசோமா இவான்சி என்று வழங்குகிறது. தம்முடைய கண்டுபிடிப்பு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டதைக் கண்டு, அவர் 1935-இல் நூறாம் வயதில் காலமானார்.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது யாதெனில், காரணம் தெரியாதவரையில் செய்யும் சிகிச்சையெல்லாம் இருளில் எறியும் கல்லைப் போன்றதே என்பதாம். கால்நடை வியாதிகளை முறையாக ஆராய்வதற்கு 1889-இல் புனாவில் ஓர் ஆராய்ச்சிசாலை நிறுவப்பட்டது. அதன் தலைவராயிருந்த ஆல்பிரட் லிங்கார்டு சுர்ராவைப்பற்றி விரிவான பரிசோதனைகள் செய்தார். 1893-இல் அச்சாலை இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்.

வியாதி பரவும் விதம்

சுர்ரா மழைக்காலத்திலும் அதை அடுத்தும் மிகுதியாக வருவதால், கடிக்கும் ஈக்களின்மேல் சந்தேகம் இருந்துவந்தது. முக்தேசுவரில் பணியாற்றிய லெனார்டு ராஜர்ஸ் இதைச் சோதித்து 1901-இல் முடிவை வெளியிட்டார். நோயுற்ற பிராணியைக் கடித்துக்கொண்டிருந்த பெரிய ஈக்களை உடனே சுகமான பிராணியின்மேல் விட்டபோது, வியாதி தொற்றிற்று. அவ்வீக்களை ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்திருந்து விட்டபோது தொற்றவில்லை. கிருமி ஈயின் உடலுள் வளர்வதில்லை. அதன் வாயில் ஒட்டியுள்ள ஈர இரத்தத்தில் சிறிது நேரமே உயிரோடிருந்து, ஊசியின் முனையில் செல்வதுபோல் அடுத்த பிராணிக்குச் செல்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

குதிரை ஈ என்னும் பெரிய ஈயின் கடி மிகுந்த வலியுடையது. கடிபட்ட குதிரை வாலை வீசி, தோலைச் சிலிர்த்து அதை விரட்டுகிறது. அரைவயிறு இரத்தத்தோடு விரட்டப்பட்ட ஈ, மிகுதியை நிரப்பிக்கொள்ள அருகிலுள்ள பிராணியின்மேல் அமர்கிறது. பக்கத்தில் வேறு பிராணி இல்லையாயின், அது பெரும்பாலும் முதற் பிராணிக்கே திரும்பிவிடும். ஆகையால் இடைவெளியே பெரிய பாதுகாப்பாகிறது. ஈக்களால் இவ்வாறே பரவும் குதிரைத் தொற்று இரத்தசோகை என்னும் வேறொரு வியாதியில், நோயுற்ற குதிரையை மற்றவற்றிலிருந்து 200 கெஜ தூரத்தில் வைக்கவேண்டுமென்று அமெரிக்காவில் விதி செய்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

ஈ செய்யும் வேலையை மனிதன் கையிலுள்ள ஊசியும் செய்யும். ஒரே ஊசியால் பல பிராணிகளுக்கு மருந்து குத்துவது வியாதியைக் கொட்டகை முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுப்பதாகும். நோயால் இறந்த பிராணியின் பச்சை மாமிசத்தைத் தின்னும் நாய்க்கும் இது தொற்றக்கூடும்.

சுகமாகத் தோன்றும் பிராணி

இரத்தத்தில் கிருமி இருந்தும் வெளியே குறி காட்டாத மாடும் எருமையும் வியாதியின் களஞ்சியம் போன்றவை. ஈக்கள் குறைந்த கோடைக்காலத்தில் கிருமி இவற்றிலே தங்கியிருந்து, மழை பெய்து ஈக்கள் பெருகியவுடன் குதிரையை அடைகிறது. குதிரைக்கு மட்டும் சிகிச்சை செய்துவிட்டு, பக்கத்திலுள்ள எருமையைப் பரிசோதிக்காமல் விடுவது, கரையில் ஓர் உடைப்பை அடைத்து மற்றோர் உடைப்பைத் திறந்துவைப்பதை ஒக்கும். எருமை நோயின்றிக் காணப்படுகையில் அதற்கு எதற்குச் செலவு என்று கேட்பது இயல்பே. ஆனால் அதே குதிரைக்கு அடுத்த பருவத்தில் மீண்டும் வியாதி வருமாயின், நஷ்டம் பன்மடங்காகும். அன்றியும், அவ்வெருமையின் பாலும் சினையும் ஏற்கெனவே குன்றியிருத்தல் கூடும்.

இரத்தப் பரிசோதனை

காய்ச்சல் உள்ளபோது எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது இன்றும் முதற்பரிசோதனையாகும். ஆனால் கிருமிகள் இரத்தத்தில் ஒரு சமயம் பெருகியும் ஒரு சமயம் மறைந்தும் இருக்கும். ஆதலால் ஒரு முறை காணவில்லை என்பதால் வியாதி இல்லை என்று முடிவு செய்தல் தவறு. இக்குறையை நீக்க, முற்காலத்தில் சந்தேகத்திற்குரிய இரத்தத்தை எலிகளுக்குச் செலுத்திக் காத்திருந்தனர். பின்னர் இரத்தத்தைக் குழாயிலிட்டு விரைவாகச் சுழற்றிக் கிருமிகளை ஒரே இடத்தில் திரட்டிப் பார்க்கும் முறை வந்தது. இப்பொழுது கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையும், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருளைக் காட்டும் எலைசா முறையும் உள. இவற்றால் எலிகளை வருத்தும் தேவையும் பெரிதும் குறைந்தது.

ஹரியானா மாநிலத்து ஹிசாரில் 1985-இல் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. அம்மையம் உருவாக்கிய சுர்ரா எலைசாப் பரிசோதனைப் பெட்டி 2022-இல் வெளியிடப்பட்டது. இது பல வகைப் பிராணிகளுக்கும் பயன்படுவது. எனவே குதிரையோடு கொட்டகையிலுள்ள மாடுகளையும் எருமைகளையும் ஒருசேரச் சோதிக்க ஏற்றது. ஆனால் எதிர்ப்பொருள் வியாதி தீர்ந்த பின்பும் சில காலம் இரத்தத்தில் நிற்கும். ஆகையால் பரிசோதனையின் பொருளை வைத்தியரே சொல்லவேண்டும்.

தடுப்பு ஊசி இல்லாமைக்குக் காரணம்

அடைப்பான் முதலிய வியாதிகளுக்குத் தடுப்பு ஊசி இருக்கையில், சுர்ராவிற்கு இல்லாதது ஏன் என்று குடியானவர்கள் கேட்பதுண்டு. இக்கிருமியின் உடலை ஒருவகைப் புரதச் சட்டை மூடியிருக்கிறது. குதிரையின் உடல் அச்சட்டையை அடையாளங்கண்டு கிருமிகளை அழிக்கத் தொடங்குகையில், சில கிருமிகள் வேறு சட்டை அணிந்துகொண்டு தப்பிப் பெருகுகின்றன. வேடம் மாற்றும் கள்வனைக் காவற்காரன் அறியாததுபோல், உடல் அவற்றைப் புதிதாகவே அறியவேண்டியிருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வருவதன் காரணமும் இதுவே. ஒரு சட்டைக்கு எதிராகச் செய்யும் தடுப்பு மருந்து மற்றவற்றிற்குப் பயன்படாது. ஆதலின் சுர்ராத் தடுப்பு ஊசி என்று எவரேனும் விற்பாராயின், அதை நம்பிப் பொருளை இழத்தல் வேண்டா.

சிகிச்சை

முற்காலத்தில் பாஷாணக் கலப்புள்ள மருந்துகளைக் கொடுத்தனர். கிருமியோடு குதிரையும் அவற்றால் வருந்திற்று. 1916-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியார் கண்ட பேயர் 205 என்னும் மருந்து பெரிய மாறுதலை உண்டாக்கிற்று. அதன் அமைப்பை அவர்கள் இரகசியமாக வைத்திருந்தனர். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் பூர்னோ அதை ஆராய்ந்தறிந்து 1924-இல் வெளியிட்டார். சுராமின் என்று வழங்குவது இதுவே. 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் குவினாபைரமின் என்னும் மருந்து பழக்கத்திற்கு வந்தது. இந்தியாவில் குதிரைகளுக்கும் ஒட்டகங்களுக்கும் இன்று இது மிகுதியாகப் பயன்படுகிறது.

இம்மருந்துகளைப்பற்றி மூன்று விஷயங்கள் நினைவிலிருத்தத் தக்கவை. முதலாவது, அளவைக் குறைத்தல் பெருந்தவறு. சிக்கனம் கருதி ஒரு குதிரைக்குரிய மருந்தை இரண்டிற்குப் பங்கிட்டால், கிருமிகளில் வலியவை பிழைத்து மருந்துக்கு அடங்காதவையாகின்றன. சூடான் முதலிய நாடுகளில் இவ்விதம் அடங்காத கிருமிகள் காணப்பட்டுள்ளன. இரண்டாவது, மாடுகளுக்கு இடும் டிமினசீன் என்னும் மருந்தைக் குதிரை எளிதில் தாங்காது. ஆதலால் வைத்தியர் சொல்லாமல் அதைக் குதிரைக்கு இடலாகாது. மூன்றாவது, கிருமி மூளையை அடைந்துவிட்டால் மருந்து அங்கே போதிய அளவு செல்வதில்லை. காய்ச்சல் நின்றபின்னும் வியாதி மீளக்கூடும். ஆகையால் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் சென்றதும் மறுபடியும் இரத்தத்தைச் சோதித்தல் அவசியம்.

மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, இழந்த இரத்தத்தை அன்றே திருப்பித் தராது. சிகிச்சை பெற்ற குதிரைக்குப் போதிய ஓய்வும், நல்ல தீனியும், சுத்தமான நீரும், நிழலும் வேண்டும். ஈறுகள் மீண்டும் சிவந்து, உடல் தேறியபின்னரே சிறிது சிறிதாக வேலையில் பழக்கவேண்டும். இது இரக்கம் மட்டுமன்று. குதிரையைக் காக்கும் முறையுமாகும்.

ஈக்களைக் குறைக்கும் வழிகள்

கடிக்கும் ஈக்களில் சிறிய வகையான லாய ஈ, அழுகிய சாணத்திலும் ஈரமான வைக்கோற் குப்பையிலும் பெருகுகிறது. லாயத்துக் குப்பையை அவ்வப்போது அகற்றி, எட்டத்திலுள்ள எருக்குழியில் இட்டு மூடிவிட்டால் அது குறையும். பெரிய குதிரை ஈ நீரோரச் சேற்றில் வளர்வது, வெயிலை விரும்புவது, இருண்ட இடத்துள் புக விரும்பாதது. ஈக்கள் மிகுந்த மாதங்களில் பகல்வேளையில் குதிரையை நிழலான கூரையின்கீழ்க் கட்டி, காலையிலும் மாலை மங்கியபின்னும் வெளியே விடுதல் நலம்.

அண்மையில் நடந்த இரண்டு பரிசோதனைகள் வியப்புத் தருவன. 2019-இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஆராய்ச்சியில், வரிக்குதிரையைப்போல் கோடிட்ட துணி போர்த்திய குதிரைகளின் உடலில் ஈக்கள் மிகக் குறைவாகவே அமர்ந்தன. துணி மூடாத தலையில் வழக்கம்போல் அமர்ந்தன. அதே வருஷம் ஜப்பானில், கரிய பசுக்களின்மேல் வெள்ளைக் கோடுகள் தீட்டியபோது, ஈக்கடி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஈயின் கண் கோடுகளால் மயங்கி, அமருமிடத்தில் வேகத்தைக் குறைக்கத் தவறுகிறது என்று தோன்றுகிறது. குறைந்த செலவில் பிராணியின் வேதனையைத் தணிக்கும் வழிகளை ஆராய்ச்சி இவ்வாறும் தேடிவருகிறது.

மனிதருக்கு உண்டோ

மனிதரின் இரத்தத்திலுள்ள ஒரு புரதம் இக்கிருமியை அழித்துவிடுகிறது. அதனால் இவ்வியாதி மனிதரை அடைவது மிக அபூர்வம். 2004-இல் மகாராஷ்டிர மாநிலத்தில் ஒரு விவசாயிக்கு இது கண்டபோது, அவருடைய இரத்தத்தில் அப்புரதம் இல்லையென்று ஆராய்ச்சியில் தெரிந்தது. சுராமின் சிகிச்சையால் அவர் குணமடைந்தார். எனவே அச்சம் வேண்டுவதில்லை; ஆயினும் நோயுற்ற பிராணியின் இரத்தம் காயத்தில் படாமல் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் சுர்ராவும் சேர்க்கப்பட்டுள்ளது. அட்டவணையிலுள்ள வியாதி இருப்பதாகச் சந்தேகம் கொண்டால், சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்கவேண்டும்; அவர் அதை அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்துமூலம் அறிவிப்பார். நோயுற்ற பிராணியை மற்றவற்றினின்று பிரித்துவைப்பதும் சொந்தக்காரர் கடமையே.

இங்கே ஒரு சோதனை நேர்வதுண்டு. காய்ச்சல் விட்ட நாளில் குதிரை சுகமாகத் தோன்றுமாகையால், நஷ்டத்திற்கு அஞ்சி, அதை அச்சமயம் சந்தையில் விற்றுவிடச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு விற்பது ஒரு குதிரையின் விலையை மீட்பதாகத் தோன்றினும், வாங்கியவரின் கொட்டகைக்கும் சந்தைக்கு வந்த பல ஊர்க் கால்நடைகளுக்கும் வியாதியை அனுப்புவதாகும். அடுத்த மழைக்காலத்தில் அவ்வியாதி விற்றவரின் ஊருக்கே திரும்பி வருதலும் கூடும். தக்க காலத்தில் தெரிவித்துச் சிகிச்சை செய்தால் குதிரையும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும் என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லவேண்டும்.

சுருக்கம்

1. தீனி தின்றும் மெலியும் குதிரையின் உடல் உஷ்ணத்தைத் தினமும் இருவேளை பார்த்துக் குறித்துவைக்க.

2. காய்ச்சல் உள்ள நாளிலேயே இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்க. ஒரு முறை கிருமி தென்படாவிடினும் மறுமுறை சோதிக்க.

3. குதிரையோடு கட்டியுள்ள மாடு, எருமை, நாய் ஆகியவற்றையும் சோதிக்க.

4. நோயுற்றதை எட்டத்தில், நிழலில், ஈ அணுகாதபடி பிரித்துக் கட்டுக.

5. ஒரு பிராணிக்கு ஓர் ஊசியே பயன்படுத்துக.

6. மருந்தின் அளவை வைத்தியர் சொன்னபடி குறையாமல் இடுவிக்க. சில வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க.

7. புதிதாக வாங்கிய குதிரையை இரத்தப் பரிசோதனை முடியும்வரை தனியே வைக்க.

8. இறந்த பிராணியை நாய்கள் அணுகாதபடி ஆழப் புதைக்க.

இவான்ஸ் ஒரு துளி இரத்தத்தில் கண்ட உண்மை எல்லோராலும் ஏற்கப்படுவதற்குப் பல வருஷங்கள் சென்றன. அவ்வருஷங்களில் எண்ணற்ற குதிரைகள் மாண்டன. இன்று அவ்வுண்மை எவருக்கும் மறைவானதன்று. காய்ச்சல் கண்ட நாளிலேயே அந்த ஒரு துளி இரத்தத்தைக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவிப்பது குதிரை வளர்ப்போர் கையிலுள்ளது.